ஒரு கார் சேலின் பற்றுச்சீட்டு: முன்பக்கமும் பின்பக்கமும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில் அண்மைய ஆண்டுகளில் முளைத்த பாவித்த வாகன விற்பனை நிலையங்களுள் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. அங்கே வாங்கிய கார் பற்றிய எனது முறைப்பாடு எழுத்துமூலமான இணக்கப்பாட்டுடன் முடிவடைந்துவிட்டது. தவிரவும் நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஆகவே நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆவணங்களைக் கையாளும் விதத்தில், நான் ஏறி இறங்கிய கார் சேல்களுள் இதுவே சிறந்தது. வாகனத்தின் உண்மை நிலையைச் சொல்லும் விதத்தில் இது நம்பத் தகாதது. பழுது வெளிப்பட்ட பின்னர் நடந்துகொண்ட விதமோ, விற்பனைப் பிரதிநிதியிடம் ஒன்றாகவும் முதலாளியிடம் வேறொன்றாகவும் இருந்தது. ஐந்து நட்சத்திரங்களில் இரண்டரை கொடுக்கலாம். அந்த அரை நட்சத்திரமும் பற்றுச்சீட்டின் முன்பக்கத்தில் கையால் எழுதப்பட்டிருந்த ஒரு வரிக்கு உரியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, நாட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. இறக்குமதி திறக்கப்பட்ட பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்திலேயே இருப்பதால், களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கார் சேல்களின் வியாபாரம் குறையவில்லை. நான் தேடியது 660 சீசீ எஞ்சினுடைய சுசுகி வேகன் ஆர் ஹைபிரிட். எரிபொருட் செலவு குறைவு, உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கும், நமது ஒழுங்கைகளில் இலகுவாகத் திருப்பலாம். 2018ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒன்று 60 இலட்சத்தை நெருங்கிய விலைக்கு இங்கே நின்றது.

நிலையம் துப்புரவானது. கூரைத் தகட்டின் கீழ் வாகனங்கள் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருக்கும். வருபவருக்கு இஞ்சித் தேநீர் வரும். விலையை மறைத்துவைத்து ஆளைப் பார்த்துச் சொல்லும் வழக்கமும் இல்லை. எல்லா வாகனங்களும் கட் அன்ட் பொலிஷ் செய்யப்பட்டு முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகின்றன. இந்த மினுக்கத்துக்கும் வாகனத்தின் ஆரோக்கியத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும், விலை பேசும் வேளையில் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. பிரதான வீதியில் ஓட்டிப் பார்க்கத் தாராளமாக விட்டார்கள். நான் அழைத்துச் சென்ற மெக்கானிக் எஞ்சின், கியர், பிரேக், அடித்தட்டு ஆகியவற்றைப் பார்த்து, ஸ்கேனரும் பொருத்திப் பார்த்தார். பிழைக் குறியீடு ஒன்றும் காட்டவில்லை. ஆசனங்களைக் கழற்றவோ கார்ப்பெட்டைத் தூக்கவோ மட்டும் அனுமதி இல்லை. விற்பனைக்கு முன் உட்பக்கத்தைக் கழற்றினால் கிளிப்புகள் உடையும் என்று காரணம் சொன்னார்கள். அது பொய்யான காரணம் என்று சொல்ல முடியாது; ஆனால் வசதியான காரணம்.

ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நிலையத்துக்கு நல்ல பெயர் தேடித் தருவது அதுதான். இப்பகுதியில் ஓப்பின் பேப்பர் வியாபாரம் இன்னும் ஓயவில்லை. பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் உடைமை மாற்றப் படிவத்தில் திகதியின்றி ஒப்பமிட்டுக் கொடுக்க, அந்தத் தாளே மூன்று நான்கு பேரின் கைகளில் திரிந்து கடைசியில் அப்பாவி ஒருவரிடம் வந்து சேரும். பிழை ஏதும் நேர்ந்தால் சட்டப்படி யாரிடம் போய்க் கேட்பது என்பதே அப்போது சிக்கலாகிவிடும். வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்த நிலையத்தில் உடைமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 ஆகிய இரு படிவங்களையும் என் முன்னிலையில் நிரப்பினார்கள். பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதியைக் காட்டி, அடிச்சட்டக இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்திலுள்ள இலக்கங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னதும் அவர்களே. திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, முன்னர் இருந்த லீசிங் நிறுவனத்தின் பூரண உரித்து (கடன் தீரும் வரை வாகனத்தின் மீது அதற்கிருக்கும் பதிவு உரிமை) நீக்கப்பட்டிருந்தது. வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காலாவதியாகாமல் இருந்தன. இவை எதிலும் ஒரு சிறு குறையும் சொல்வதற்கில்லை.

அடுத்து நான் கேட்டது, வாகனம் நிலையத்துக்குச் சொந்தமானதா, வேறொருவர் விற்றுத் தரச் சொல்லி நிறுத்தியிருப்பதா என்பது. கார் சேல்களில் நிற்கும் வாகனங்களில் கணிசமானவை பின்னைய வகை. அத்தகைய வாகனத்தில் நிலையம் தரகர் மட்டுமே. விற்பவர் எங்கோ இருக்கும் ஒரு தனியாள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம், எழுதாமலே ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாகக் கருதும் தர நிபந்தனைகளை, அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவர் மீதே சுமத்துகிறது. தன் சொந்தக் காரை ஒரு தடவை விற்கும் ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ அந்த நிபந்தனைகளால் பிடிப்பது கடினம். ஆகவே பற்றுச்சீட்டு எவருடைய பெயரில் எழுதப்படுகிறது என்பது விலைக்கு அடுத்தபடி முக்கியமான விடயம். இங்கே நிலையத்தின் பெயரிலேயே, முத்திரையுடன், எழுதித் தந்தார்கள்.

அந்தப் பற்றுச்சீட்டுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. பின்பக்கத்தில், விற்கப்பட்ட வாகனம் மீளப் பெறப்படமாட்டாது என்றும், பின்னர் ஏற்படும் எந்தப் பழுதுக்கும் நிலையம் பொறுப்பேற்காது என்றும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதனை வாசித்த பின்னர், விளம்பரத்தில் போட்டிருந்ததையும் முன்பக்கத்தில் எழுதித் தருமாறு கேட்டேன். விற்பனைப் பிரதிநிதி சற்றுத் தயங்கி, முதலாளியுடன் தொலைபேசியில் கதைத்துவிட்டு, ‘விபத்து, நீர்ச்சேதம் அற்ற, நல்ல ஓட்ட நிலையிலுள்ள வாகனம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

ஒரு மாதம் நிறைவதற்குள்ளேயே வாகனம் தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கியது. முதலில், சந்திகளில் நிற்கும்போது எஞ்சின் தானாக நின்று மீண்டும் இயங்கும் வசதி வேலை செய்யாமற் போனது. பின்னர் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, அணைந்தது, மீண்டும் எரிந்தது. மழை நாட்களில் கண்ணாடிகளை மூடினால், ஈரச்சாக்கை அடைத்து வைத்தாற்போன்ற வாடை வீசியது. நிலையத்தில் கேட்டபோது ஏசீ ஃபில்டரை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் வாடை போகவில்லை.

கல்லடியில் ஹைபிரிட் வாகனங்களைத் திருத்துகிற, வயதில் மூத்த ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் ஸ்கேனரை எடுக்கவில்லை. முன் ஆசனத்தின் பாதுகாப்புப் பட்டியைப் பிடித்து, அது மேற்கொண்டு வராத எல்லை வரை இழுத்தார். வழமையாக வெளியே தெரியும் பகுதி கழுவப்பட்டுச் சுத்தமாக இருந்தது. உருளைக்குள் சுருண்டு கிடந்த கடைசிச் சாண் வெளியே வந்தபோது, அதன் குறுக்கே காய்ந்த சேற்றின் கோடு ஒன்று தெரிந்தது. அடுத்து இடப்பக்க முன் ஆசனத்தைக் கழற்றி, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினார். அதன் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் படையை விரலால் அழுத்தியதும் நீர் கசிந்தது. ஆசனத்தைத் தாங்கும் இரும்புகளில் துரு செதில் செதிலாக உரிந்தது. வயர்களின் இணைப்பிகளைப் பிரித்தபோது செப்பு ஊசிகளில் பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு காணப்பட்டது. இந்த வகை வாகனத்தில் ஹைபிரிட் தொகுதிக்குரிய சிறிய லித்தியம் அயன் பற்றரி அமைந்திருப்பது அந்த ஆசனத்தின் கீழேதான் என்பதால், வாகனத்தின் உட்தரைக்கு மேல் ஒரு சாண் நீர் ஏறினாலே அது பாதிக்கப்படும். பஞ்சுக்குள் இருந்து நகத்தால் சுரண்டி எடுத்த மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “இது ஏசீத் தண்ணி இல்ல மனே, வெள்ளத் தண்ணி. நம்மட பக்கத்து மணலும் இல்ல, ஆத்து வண்டல்.”

வாகனம் மேல் மாகாணத்தில் பதிவு செய்யப்பட்டது. வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் உலர்த்தப்பட்டு, கழுவப்பட்டு, வேறு மாகாணத்துக்கு விற்பனைக்கு வருவது புதிய விடயமல்ல. 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் நாடு கண்ட வெள்ளங்களுக்குப் பின்னர் கிழக்கில் வாகனம் வாங்குவோர் இதனை மனத்திற் கொள்ளவே வேண்டும். பிழைக் குறியீடுகளை ஸ்கேனரால் அழித்துவிட்டால் விற்பனை நாளன்று அவை தென்படமாட்டா. சில காலம் ஓடிய பின்னரே பழுது மீண்டும் பதிவாகக்கூடும்.

இனி, நிலையம் சொன்ன பதில்கள். முதலாவது, கரையோரத்தில் ஓடும் வாகனத்தில் கடற்காற்றால் துருப் பிடிப்பது இயல்பு என்பது. அடித்தட்டிலும் கதவோரங்களிலும் அது உண்மை. கார்ப்பெட்டின் கீழே, காற்றுப் புகாத இடத்தில் உள்ள இரும்பைக் கடற்காற்று செதிலாக உரிப்பதில்லை. இரண்டாவதாக, புகைப் பரிசோதனையில் வாகனம் சித்தியடைந்திருக்கிறதே என்றார்கள். அந்தப் பரிசோதனை அளப்பது சைலன்சரிலிருந்து வெளிவருவதை மட்டுமே. மூன்றாவது பதிலில் நேர்மை இருந்திருக்கலாம்: வாகனத்தைத் தாங்கள் கம்பஹாவில் வேறொரு வியாபாரியிடம் வாங்கியதாகவும், நீர் புகுந்த விடயம் தங்களுக்கே தெரியாது என்றும் சொன்னார்கள். ஆனால் கட்டளைச்சட்டத்தின் தர நிபந்தனை விற்பவரின் அறிவைப் பொறுத்ததல்ல. தெரியாமல் விற்றவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. அவர் தனக்கு விற்றவரிடம் தன் நட்டத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

நான்காவது பதில்தான் விற்பனைப் பிரதிநிதி மேசையில் தட்டிச் சொன்னது. “நீங்கதானே மெக்கானிக்கைக் கூட்டி வந்து பாத்து எடுத்தீங்க, சேர். இப்ப வந்து சொன்னா நாங்க என்ன செய்யிற?” இந்த வாதத்தில் பாதிச் சட்டம் இருக்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தென்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்குத் தர நிபந்தனை பொருந்தாது என்றே கட்டளைச்சட்டம் கூறுகிறது. தேய்ந்த டயரையும் கீறல் விழுந்த கண்ணாடியையும் பார்த்தபின் வாங்கிவிட்டு, பிறகு அவற்றுக்காக வழக்காட முடியாது. ஆனால் கழற்றிப் பார்க்க அனுமதி மறுக்கப்பட்ட கார்ப்பெட்டின் கீழிருந்த சேறு, நடந்த பரிசோதனையில் தென்பட்டிருக்க வேண்டிய குறையாகாது. கிளிப்பு உடையும் என்று சொல்லித் தடுத்தவர்களே பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்று கேட்டதை, அந்த உரையாடலின் மிகப் பெரிய பலவீனமாக நான் கருதினேன். அதனை அமைதியாகவே சுட்டிக்காட்டினேன்.

பின்பக்கத்து அச்சு வரியை என்ன செய்வது? எழுதப்படாத நிபந்தனைகளை இரு தரப்பும் வெளிப்படையாக உடன்பட்டு விலக்கிக்கொள்ளக் கட்டளைச்சட்டம் இடம் தருகிறது. ஆகவே அவ்வரிகளை வெறும் பூச்சாண்டி என்று தள்ளிவிட முடியாது. அதே வேளை, இத்தகைய விலக்கு வாசகங்களுக்கு எல்லை வகுப்பதற்கென்றே 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. என் விடயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை எழவில்லை. முன்பக்கத்தில் கையால் எழுதப்பட்டது எழுதப்படாத நிபந்தனை அன்று; வெளிப்படையான உத்தரவாதம். நீர்ச்சேதம் அற்றது என்று ஒரு வியாபாரி எழுதிக் கையொப்பமிட்டு, அதே தாளின் மறுபக்கத்தில் எதற்கும் பொறுப்பில்லை என்றும் அச்சிட்டிருந்தால், விசாரிக்கும் அதிகாரி முதலில் கேட்பது அந்தக் கையெழுத்தைப் பற்றியே.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்பது பற்றி முறைப்பாடு செய்ய வழி வகுக்கிறது. விசாரணையில் நுகர்வோருக்கு நட்டம் ஏற்பட்டிருப்பது தெரியவந்தால், நட்டஈடு கொடுக்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ அதிகாரசபை கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கிடைக்க வேண்டும். இந்த மூன்று மாதக் கணக்குப் பலருக்குத் தெரியாது. வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். “அடுத்த கிழமை ஆளை அனுப்புறம்”, “பெருநாள் கழியட்டும்”, “பாட்ஸ் கொழும்பில இருந்து வரணும்” என்று எனக்குச் சொல்லப்பட்ட தவணைகள் ஒவ்வொன்றும் மரியாதையான குரலில்தான் சொல்லப்பட்டன. அவற்றை நம்பிக் காத்திருப்பவரின் கணக்கில் நாட்கள் மட்டும் கழிந்துகொண்டே இருக்கும். தவிர, பழுதை அறிந்த பின்னரும் பேசாமல் வாகனத்தை ஓட்டிக்கொண்டிருப்பவர் அதனை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படக்கூடும். அவ்வாறாயின் பொருளை நிராகரிக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமையே அவருக்கு மிஞ்சும்.

ஆகவே நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும், அதிகாரசபையின் மாவட்டக் காரியாலயத்துக்கு ஒரு முறைப்பாடும் ஒரே நாளில் அனுப்பினேன். பற்றுச்சீட்டின் இரு பக்கங்களினதும் பிரதி, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்), ஆசனப்பட்டியினதும் இணைப்பிகளினதும் புகைப்படங்கள், கல்லடித் திருத்துநரின் ஒப்பமிட்ட அறிக்கை ஆகியவற்றை இணைத்திருந்தேன். கடிதத்தில் திட்டு எதுவும் இல்லை. எப்போது வாங்கினேன், என்ன எழுதித் தந்தீர்கள், என்ன காணப்பட்டது, என்ன கேட்கிறேன் என்பவற்றை மட்டும் எழுதினேன். எங்கே கேட்பது என்று அறியாதவர்கள் அதிகாரசபையின் 1977 என்ற துரித இலக்கத்தை அழைத்து வழிமுறையைத் தெரிந்துகொள்ளலாம்; ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாமல் எழுத்திலும் கொடுத்துவிட வேண்டும்.

விசாரணைக்குத் திகதி குறிக்கப்பட்டதும் முதலாளியே நேரில் அழைத்தார். அவரிடம் விற்பனைப் பிரதிநிதியின் சாதுரியம் எதுவும் இல்லை. திருத்தகத்துக்கு வந்து, கார்ப்பெட்டைத் தானே தூக்கிப் பார்த்து, சற்று நேரம் பேசாமல் நின்றார். வாகனத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தருமாறு நான் கேட்டதற்கு அவர் உடன்படவில்லை. பற்றரி, பழுதான வயர்த்தொகுதி, கார்ப்பெட் ஆகியவற்றை நான் தெரிவு செய்யும் இடத்தில் தன் செலவில் மாற்றித் தருவதாகவும், வெள்ளத்தில் நின்ற வாகனத்துக்கும் நிற்காத வாகனத்துக்கும் இடையிலான சந்தை விலை வேறுபாட்டில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். திருத்தகத்துக்குப் பணம் அன்றே கட்டப்பட்டது. மீதிக் காசோலை சொன்ன திகதியில் பணமாக மாறியது. இணக்கப்பாட்டை எழுதி இருவரும் ஒப்பமிட்டு, பிரதியை அதிகாரசபைக்கும் கொடுத்தோம். முழுப் பணத்துக்காகத் தொடர்ந்து போராடியிருக்கலாம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். வாகனம் தேவைப்படும் வீட்டில் அது எத்தனை மாதம் திருத்தகத்தில் நிற்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முதலாளி கொடுத்த வாக்கு எதுவும் பிறழவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

வாகனம் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. என்றாலும் அதனை விற்கும் காலம் வந்தால் நீர் புகுந்த விபரத்தையும் செய்த திருத்தங்களின் பற்றுச்சீட்டுகளையும் வாங்குபவரிடம் கொடுத்தே விற்பேன். விலை குறையும், குறையட்டும்.

இந்த நிலையத்துக்குப் போக எண்ணுவோருக்குச் சில விபரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மூடப்பட்டிருக்கும். முதலாளியைக் காலையில் சந்திப்பது எளிது; விலையும் அவரிடம் கதைத்தாலே குறையும். ஆசனப்பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பதற்கு எந்தக் கிளிப்பும் உடையாது என்பதால் அதற்கு அனுமதி மறுக்க அவர்களுக்கு வழியில்லை. அண்மையில் என்னுடன் பணிபுரியும் ஒருவர் அங்கே ஓர் அல்டோ வாங்கினார். பின்பக்கத்து அச்சு வரிகள் அப்படியே இருக்கின்றன. முன்பக்கத்தில் நீர்ச்சேதம் பற்றி எழுதித் தரக் கேட்டதற்கு, வாகனத்தை லிஃப்டில் ஏற்றி உட்பக்கத்தையும் காட்டிவிட்டே எழுதித் தந்தார்களாம்.